வலி நின்ற பல்

விடுதி மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தமிழம்மா, "இந்த முறையாவது மழைக்காலக் காட்சி, தாய்மையின் சிறப்பு என்று எழுதாமல், உங்களுக்கு நேராகத் தெரிந்த ஒன்றை எழுதுங்கள்" என்றார்கள். விடுதியில் எங்கள் பன்னிருவருக்கும் நேராகத் தெரிந்தது ஒன்று உண்டு. அது ஒரு பல்லைப் பற்றியது. ஆண்டு மலரில் பல்லைப் பற்றியா என்று சிரித்துவிடாதீர்கள். அந்தப் பல் எங்கள் தோழி ஒருத்தியின் உயிரோடு விளையாடிப் பார்த்தது. பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஆனால் இதை அவள் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தியும் கொடுத்திருக்கிறாள்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கம். நாங்கள் அப்போது பத்தாம் வகுப்பு. மார்ச்சு இறுதியில் அரசுப் பொதுத்தேர்வு. படிப்பறையில் இரவு பத்து மணி வரை விளக்கு எரியும். எங்கள் தோழிக்குக் கீழ்த்தாடையில், வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில், ஏழாம் வகுப்பிலிருந்தே ஒரு கறுப்புக் குழி இருந்தது. சாப்பிட்டு எழுந்தால் அதில் சோறு அடைத்துக்கொள்ளும்; ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிடுவாள். குளிர்ந்த நீர் பட்டால் சுள்ளென்று கூசி, உடனே அடங்கிவிடும். அந்தப் பிப்ரவரியில் அது அடங்கவில்லை. சூடான காப்பி பட்டால் அரைமணி நேரம் விண்விண் என்று தெறித்தது. படுத்தால் வலி கூடியது. எழுந்து உட்கார்ந்தால் சற்றே குறைந்தது. மூன்று இரவுகள் அவள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். சமையற்கட்டு ஆயாம்மா கொடுத்த கிராம்பை அந்தப் பல்லின்மேல் வைத்துக் கடித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார், பணம் செலவாகும், திருப்புதல் தேர்வும் போய்விடும் என்று எண்ணி, வார்டன் சிஸ்டரிடம் அவள் வாயே திறக்கவில்லை. பல் வலிதானே, தேர்வு நேரத்தில் யாருக்குத்தான் ஒரு வலி இல்லை என்று எங்களிடமும் சொல்லிவிட்டாள்.

நான்காம் நாள் காலையில் வலி நின்றுவிட்டது. "மாதா காப்பாத்திட்டாங்கடி" என்று சொல்லிக் கையிலிருந்த காசுக்குக் கமர்கட்டு வாங்கி எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள்.

தங்கையரே, பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நின்று படியுங்கள். பின்னாளில் பல் மருத்துவர் அம்மா எங்களிடம் சொன்னார்கள்: "வலித்த மூன்று நாளில் அவள் வந்திருந்தால் நல்லது. ஆனால் வலி நின்ற நாலாவது நாள் கட்டாயம் வந்திருக்க வேண்டும்." அது ஏன் என்று புரிவதற்குப் பல்லின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பல் வெளியே பார்ப்பதற்குக் கல்லைப் போல இருக்கிறது. மேலே உள்ளது எனாமல். நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறு கிடையாது. அதன் கீழே டென்டைன். அதற்கும் உள்ளே, ஒரு சின்னஞ்சிறு அறைக்குள், நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த மென்மையான பற்கூழ் இருக்கிறது. வாயில் குடியிருக்கும் கிருமிகள், நாம் தின்னும் சர்க்கரையைத் தாமும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. எங்கள் வேதியியல் ஆசிரியை கற்பித்த பி.எச். எண் உங்களுக்கு நினைவிருக்கும். அது ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கிவிடுகிறது. எனாமலுக்கு நரம்பு கிடையாது; ஆகையால் அது கரையும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. குழி டென்டைனை எட்டியதும் கூச்சம் வருகிறது. பற்கூழை எட்டியதும் பற்கூழ் வீங்குகிறது. கையில் அடிபட்டு வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். பல்லின் சுவர் எப்படி இடம் கொடுக்கும்? இரத்தம் வந்து போவதற்கு வேரின் நுனியில் ஊசிமுனை போன்ற சின்னத் துளைதான் வழி. வீக்கத்தின் நெருக்கத்தில் இரத்த ஓட்டம் நின்று பற்கூழ் செத்துப்போகிறது. செத்த நரம்புக்கு வலி ஏது? "வீட்டுக்குத் தீப்பிடித்ததும் அலறிக்கொண்டிருந்த காவல்காரன் புகையில் செத்துப்போனான், அலறல் நின்றதும் தீ அணைந்துவிட்டது என்று நீ கமர்கட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாய்" என்று டாக்டர் அம்மா அவளைக் கேலி செய்தார்கள்.

எங்கள் பாட்டிமார் சொத்தைப் பல்லைப் "பூச்சிப் பல்" என்பார்கள். கண்டங்கத்திரி விதையை அனலில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி செத்துவிடும் என்பது ஊர் வைத்தியம். பாட்டிமாரைக் குறை சொல்ல வேண்டாம். பல்லைப் புழுதான் துளைக்கிறது என்று ஐரோப்பியரும் பல நூற்றாண்டு நம்பியிருந்தார்கள். பிரான்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் என்னும் பல் மருத்துவர் நுண்ணோக்கியில் தேடிப் பார்த்துவிட்டு, புழுவைக் காணவில்லை என்று 1728-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். சர்க்கரையிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலமே காரணம் என்று, பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லர் 1890-இல் விளக்கினார். ஆகவே பாட்டி சொன்ன பூச்சி ஒருவகையில் இருக்கத்தான் செய்கிறது. புகைக்கு அது சாகாது என்பதுதான் வேறுபாடு.

தோழியின் கதைக்கு வருவோம். பிப்ரவரி 14 திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கியதும் அவள் முறுக்கையும் கடலை மிட்டாயையும் தொடுவதில்லை. சிறுவகுப்புக் குழந்தைகள் அதைப் பெரிய ஒறுத்தல் என்று எண்ணி வியந்தார்கள். உண்மையில் வலப்பக்கத்தில் கடித்தால் அந்தப் பல் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று உயர்ந்து நிற்பதுபோல இருந்ததாம். தட்டினால் மந்தமாக நோகுமாம். சில நாட்களில் அந்தப் பல்லின் கீழே ஈறில் ஜவ்வரிசி அளவுக்கு ஒரு பரு வந்தது. காலையில் எழுந்தால் வாயில் உப்பும் கசப்புமாக ஒரு கெட்ட சுவை. வாய்ப்புண் என்று நினைத்து உப்புநீரில் கொப்பளித்தாள். பரு உடையும், பிறகு மீண்டும் வரும். செத்த பற்கூழில் பெருகிய கிருமிகள் வேர் நுனிவழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ்க் கட்டியாகிவிட்டிருந்தன. அந்தச் சீழ் வெளியேறும் மதகுதான் அந்தப் பரு. மதகு திறந்திருக்கும்வரை அழுத்தம் இல்லை, ஆகையால் வலியும் இல்லை. மதகு அடைத்துக்கொண்டால் சீழ் வேறு வழி தேடும்.

மார்ச்சு முதல் வாரத்தில் அது அடைத்துக்கொண்டது. காலையில் தாடை சற்று உப்பியிருந்தது. மாலையில் முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போயிற்று. இரவு ஜெபமாலையின்போது அவளுடைய முறை வந்தது. அவள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிய குரல் அவள் குரலாகவே இல்லை. வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவளைப்போல இருந்தது. அடுத்திருந்தவள் கையைத் தொட்டாள், அனலாய்க் கொதித்தது. எங்களில் இருவர் அப்படியே எழுந்து வார்டன் சிஸ்டரிடம் ஓடினோம்.

சிஸ்டர் முன்பு சில ஆண்டுகள் மருந்தகத்தில் பணி செய்தவர்கள். காய்ச்சல் பார்த்தார்கள், 102 டிகிரி. "வாயைத் திற" என்றார்கள். அவளால் இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை. "எச்சிலை முழுங்கு" என்றார்கள். அவள் முயன்று பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். சிஸ்டர் அவளுடைய முகவாய்க்கட்டைக்குக் கீழே விரலால் அழுத்தினார்கள். மெத்தென்று இருக்க வேண்டிய இடம் பலகைபோல இறுகியிருந்தது. "இது பல் வலி இல்லம்மா. போர்வையை எடுங்க" என்று சொல்லிவிட்டு, மதரிடம்கூடப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, முதலில் 108-க்குத்தான் அழைத்தார்கள். எங்களில் ஒருத்தி துணைக்குப் போனாள். மற்றவர்கள் அன்றிரவு தூங்கினோம் என்று சொன்னால் அது பொய்.

அரசு மருத்துவமனையில் இரவுப் பணி டாக்டர் பல்லைப் பார்ப்பதற்கு முன்னே கழுத்தையும் நாக்கையும் மூச்சையும் பார்த்தார். நாக்கின் அடிப்பாகம் மேலே எழும்பியிருக்கிறதா, மூச்சுவிடும்போது சத்தம் கேட்கிறதா என்று திரும்பத் திரும்பக் கவனித்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் வாயின் அடித்தளத்தில் பரவி இரு பக்கமும் வீங்கினால், நாக்கு மேலும் பின்னும் தள்ளப்பட்டு மூச்சுக்குழல் அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் இதை விவரித்து எழுதியதால் அந்நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. கிருமியைக் கொல்லும் மருந்துகள் வருமுன் அந்நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லையாம். மேல்வாய்ப் பல்லின் சீழ் என்றால் கன்னத்தில் ஏறிக் கண் இமைவரை வீங்கும், அதுவும் அபாயமே. எங்கள் தோழிக்கு வீக்கம் ஒரு பக்கத்தோடு நின்றிருந்தது. இரவு முழுவதும் நரம்பு வழியாக மருந்து ஏறியது. காலையில் பல் மருத்துவர் அம்மா வந்து, ஈறைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். சீழ் பிடித்த இடத்தில் அமிலத் தன்மை மிகுந்திருப்பதால் மரப்பு ஊசி அங்கே சரியாக வேலை செய்யாதாம். அதனால் நரம்பு புறப்படும் இடத்தில், சற்றுத் தள்ளி ஊசி போட்டார்கள். சீழ் வெளியேறிய சிறிது நேரத்தில் அவள் தண்ணீர் கேட்டாள்.

முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த அவளுடைய அப்பா, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "உயிருக்கு ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா?" என்று கேட்டார். "இன்னும் ஒரு நாள் தள்ளி வந்திருந்தா இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்திருக்காதுங்க ஐயா" என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் கேட்டது, எல்லா அப்பாக்களும் கேட்பதுதான்: "சனியன் பிடிச்ச பல்லு, பிடுங்கி எறிஞ்சிடுங்க. வேற முளைக்கும்." டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்கள். அந்தப் பல் விழுந்து முளைக்கும் பால் பல் அன்று. ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல் அது. முன்னால் பல் விழுவதைக் கொண்டாடும் வீடுகளில் பின்னால் முளைப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தோழியின் அம்மாவும் ஏழாம் வகுப்பில் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு, "விழுற பல்லுதானே" என்று விட்டுவிட்டாராம். பெற்றோர்கள் இன்றிரவே ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஆறு, ஏழு வயதுக் குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி, இரு தாடையிலும் கடைசியில் இருக்கும் பல்லைப் பாருங்கள். அங்கே புதிதாக ஒரு பெரிய பல் இருந்தால், அது அந்தக் குழந்தை கிழவியாகும்வரை இருக்க வேண்டிய பல். பால் பல்லானாலும் சீழ் பிடித்தால் விடக் கூடாது என்பது வேறு.

பல்லைப் பிடுங்குவதும் சிகிச்சைதான். முழுதும் உடைந்த பல்லுக்கு வேறு வழி இல்லை. ஆனால் இவளுடைய பல்லைக் காப்பாற்ற முடியும் என்று வேர்ச் சிகிச்சை செய்தார்கள். மூன்று வாரத்தில் மூன்று முறை போய்வந்தாள். செத்த பற்கூழை முடிபோன்ற மெல்லிய அரங்களால் சுரண்டி எடுத்து, கிருமிநாசினியால் கழுவி, வேர்க்குழாய்களை அடைத்தார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று குழாய். அடைக்கும் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. மலாய் நாட்டுப் பக்கத்து மரமொன்றின் பால். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது, நீர் புகாமல் அதன்மேல் சுற்றியதும் இதே பொருள்தான். இதைக் கேட்டதிலிருந்து அவளை நாங்கள் "தந்தி ஆபீஸ்" என்று கூப்பிடுகிறோம். (அவள் திருத்திய இரண்டு இடங்களில் இது ஒன்று, இருந்தும் நாங்கள் எடுக்கவில்லை.) கடைசியில் பல்லுக்கு மேலே ஓர் உறை. பொதுத்தேர்வை வீக்கம் வடிந்த முகத்தோடு எழுதினாள்.

சிகிச்சையில் எங்களுக்குப் புதிதாகப் பட்டது ஒன்று உண்டு. மருந்துக் கடையில் நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் போயிற்று என்று பலரும் நினைக்கிறோம். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. மாத்திரை எந்த வழியாக உள்ளே போகும்? சுற்றியுள்ள வீக்கம் குறையலாம். வேர் அப்படியே இருந்து இன்னொரு மாதம் எழும்பும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல் வலிக்கு, உடனே பல் சிகிச்சை கிடைக்குமானால், பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. எங்கள் தோழியைப்போலக் காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மருந்து கட்டாயம் வேண்டும். அப்போதும் சீழை எடுக்காமல் மருந்து மட்டும் போதாது.

டாக்டரிடம் போய்ச் சேரும்வரை வீட்டில் என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கலாம். கிராம்பில் உள்ள எண்ணெய் சற்று மரத்துப்போகச் செய்யும். ஆனால் கிராம்புத் தைலத்தை ஈறில் ஊற்றினால் புண்ணாகிவிடும். பாராசிட்டமால் மாத்திரையை அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போடக் கூடாது. பல் வலி தாங்காமல் மணிக்கு ஒன்றாக விழுங்கிக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லின் ஓரத்தில் வைத்தால் ஈறு வெந்துபோகும். குழந்தைகளுக்கு அதை உள்ளுக்கும் கொடுக்கலாகாது. புகையிலை, மூக்குப்பொடி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கன்னத்தில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் சீழ் தோல் பக்கமாக இழுக்கும் என்கிறார்கள். குளிர் ஒத்தடமே நல்லது. பருவை ஊசியால் குத்தவே கூடாது. விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, குரல் மாறிற்று, முகவாய்க்கட்டைக்குக் கீழே இறுகிற்று, கண் மூடும்படி வீங்கிற்று, மூச்சு முட்டிற்று என்று இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு படிக்கும் சிலருக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் உண்டு. அது நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடால் வந்த கறை. சொத்தை அன்று, சீழும் அன்று. அவர்களைப் பல் துலக்காதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அளவோடு இருந்தால் அதே ஃபுளோரைடு எனாமலைக் காக்கிறது, ஆயிரம் பி.பி.எம். அல்லது அதற்கு மேல் ஃபுளோரைடு உள்ள பற்பசை என்று குழாயின் மேல் பார்த்து வாங்கச் சொன்னார்கள்.

சிஸ்டர் எங்களுக்குப் புனித அப்பொலோனியாவின் வரலாற்றைச் சொன்னார்கள். 249-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியா நகரில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது, அந்த அம்மையாரின் பற்களை அடித்து உடைத்தார்களாம். அதனால் பல் நோயாளிகளுக்கு அவரே பாதுகாவலி. திருநாள் பிப்ரவரி 9. "அவங்ககிட்ட வேண்டிக்கோங்க. வேண்டிக்கிட்டே டாக்டர்கிட்ட நடங்க" என்றார்கள் சிஸ்டர்.

இன்னொரு செய்தியை டாக்டர் அம்மா சொன்னார்கள். 2007 பிப்ரவரியில் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். சீழ் பிடித்த பல்லிலிருந்து கிருமி மூளைக்குப் போய்விட்டது. மூளையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. பல்லை முதலிலேயே எடுத்திருந்தால் எண்பது டாலரோடு முடிந்திருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அவனுடைய தாய் பல் மருத்துவரைத் தேடி அலைந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அது அவனுடைய தம்பிக்காக. தம்பிக்குத்தான் ஆறு பற்கள் கெட்டிருந்தன. இவன் பல் வலி என்று சொல்லவே இல்லை. இதைக் கேட்டபோது எங்கள் தோழி தலையைக் குனிந்துகொண்டாள். விடுதியில் எங்களில் பாதிப்பேர் வீட்டுக்கு மூத்த பெண்கள். தங்கள் வலியைச் சொல்லாதிருப்பதையே நல்ல பழக்கம் என்று கற்றுக்கொண்டு வந்தவர்கள்.

2024 ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சிஸ்டர் ஒரு வழக்கம் தொடங்கினார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலைப் பலகாரத்துக்கு முன், விடுதிக் குழந்தைகள் எல்லாரும் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். சிஸ்டர் கையில் டார்ச்சு; எங்களில் ஒருத்தி கையில் நோட்டு. யாருக்கு எந்தப் பக்கம் குழி, யார் ஒரு பக்கமாக மெல்லுகிறாள், யார் ஈறில் பரு என்று எழுதிக்கொள்வோம். முதல் மாதம் குழந்தைகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இப்போது தாங்களே அண்ணாந்து காட்டுகிறார்கள்.

இந்த மாதம் வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி, "லீவுல எனக்கும் ரொம்ப வலிச்சுது சிஸ்டர். ஆனா இப்போ தானா நின்னுடுச்சு" என்றாள். சிஸ்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, அவளுடைய அப்பாவின் தொலைபேசி எண்ணைக் கேட்டார்கள்.